லொறியை விட்டு இறங்கினோம்

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் எங்களை லொறியில் ஏற்றினார்கள். ஏறினோம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் என் அக்குளுக்குள் கை கொடுக்க, இன்னொருவர் கால்களைச் சேர்த்துப் பிடிக்க, அரிசி மூட்டையைத் தூக்கிப் போடுவது போல லொறிப் பலகையில் வைத்தார்கள். தூக்கட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. விலகிய பாவாடையை இழுத்துவிடக்கூட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கீழே ஒருவர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு அது. வலுவிழந்தவர்களைப் பற்றி மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட ஒரு சுடரோட்டம் நடத்துகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. பனிச்சங்கேணியில் தொடங்கி, ஓட்டமாவடி, ஏறாவூர், மட்டக்களப்பு நகரம் எல்லாவற்றையும் கடந்து களுதாவளையில் முடியும். மூன்று நாள் பயணம். வழியில் ஊருக்கு ஊர் சுடர் கைமாறும். அதன் இணைப்பாளர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு தம்பி. எங்கள் வலுவிழந்தோர் சங்கக் கூட்டத்துக்கு வந்து இப்படிச் சொன்னார்:

"அக்கா, இது உங்கட ஓட்டம். நீங்கதான் சுடரக் கொண்டு போகப் போறீங்க. நாங்க பின்னால வருவம், அவ்வளவுதான்."

நான் நம்பினேன். என்னுடைய மூன்று சக்கர வண்டியைச் சைக்கிள் கடையில் கொடுத்து, சங்கிலி மாற்றி, எண்ணெய் போட்டு வைத்தேன். கைகளால் பிடியைச் சுற்றி ஓட்டுகிற வண்டி அது. தோள் பழக வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் கடற்கரை வீதியில் ஓட்டினேன்.

அன்று காலை போய்ப் பார்த்தால், ஓடுவதற்கு விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் வெள்ளை ரீசேட் போட்டு வரிசையில் நிற்கிறார்கள். முதுகில் 'ஊனம் ஒரு தடையல்ல' என்று அச்சடித்திருந்தது. எங்களுக்கு லொறியில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, மேலே படங்குத் துணி கட்டியிருந்தார்கள். என் வண்டியைப் பின்பலகையோடு கயிற்றால் கட்டி, அதில் பலூன் தொங்கவிட்டிருந்தார்கள்.

"தம்பி, நாங்க ஓடுறது எண்டுதானே சொன்னீங்க?"

"இந்தக் கச்சான் காத்துக்கும் வெயிலுக்கும் உங்களால ஏலாது அக்கா. ஏதும் நடந்தா நாங்கதான் பதில் சொல்லணும். மேல இருந்து கை காட்டுங்க, போதும்."

பிரதம அதிதி வர நேரமாகியது. அதுவரை அந்தப் படங்குச் சூட்டில் உட்கார்ந்திருந்தோம். என் ஒரு பக்கத்தில் கண் தெரியாத ஒரு அண்ணன். பனிச்சங்கேணி வாவியில் மீன் பிடித்தவர். யுத்த காலத்தில் வலையில் சிக்கிய ஏதோ ஒன்றைக் கழற்றப் போய் அது வெடித்துக் கண் இரண்டும் போனது. மறுபக்கத்தில் காது கேளாத ஒரு தங்கச்சி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பெண். அவள் எங்கள் சங்கத்தில் சேர்ந்தே சில மாதங்கள்தான். அதற்கு முன்பு அவளை வீட்டை விட்டு வெளியே விட்டதில்லை. காவலரணில் நிற்கிற ஆமிக்காரன் "நில்" என்று கத்துவான், இவளுக்குக் கேட்காது, நடந்துகொண்டே போவாள், சுட்டுவிடுவான். அவளுடைய அம்மாவுக்கு அத்தனை வருடமும் இருந்த பயம் அதுதான். யுத்தம் முடிந்த பிறகுதான் அந்தப் பெண் பாலம் தாண்டி நகரத்தையே பார்த்தாள்.

மூன்றாவது ஆள் நான். ஆனால் நான் எந்தக் கணக்கிலும் வராதவள்.

எனக்குக் கால்கள் போனது குழந்தையில் வந்த காய்ச்சலில். நடக்கப் பழகிக்கொண்டிருந்த வயது என்று அம்மா சொல்வார். பிறகு காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரும் கக்கத்தில் ஒரு தடியுமாக வளர்ந்தேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில், ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கத் தண்ணீர் தெரிகிற ஒடுங்கிய ஊர் எங்களுடையது. கை மெசினில் தையல் தைத்தேன். நத்தாருக்கு மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் ஒரு சட்டைக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். காலிப்பரைக் கழற்றிக் கதவோரத்தில் சாய்த்து வைத்திருந்தேன். கடல் வந்தது. வீட்டை உடைத்துக்கொண்டு வந்து என்னையும் மெசினையும் கதவையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, ஊருக்கு மேலாகப் போய் வாவியில் விழுந்தது. நான் வாவிக்கரைச் சேற்றில் வளரும் கண்ணா மரமொன்றின் வேரில் சிக்கிக் கிடந்தேன். தோணியில் வந்த யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள்.

என் அக்காவின் மூத்த மகன் கிடைக்கவில்லை. எந்நேரமும் ஓட்டம்தான் அவனுக்கு. கடைக்கு அனுப்பினாலும் ஓடித்தான் போவான்.

எங்களைத் தங்கவைத்த முகாமில் எனக்கு இரண்டு பாய் தள்ளி இருந்த பெண் ஒருத்தி, என் காதில் விழும் என்று தெரிந்தே, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பார்த்தியா கா, ஓடி விளையாடுற புள்ளயக் கொண்டு போயிட்டு, இதை விட்டுட்டுப் போயிருக்கு."

இதை என்றாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லுக்கு இன்று வரை எனக்குக் கோபம் தணியவில்லை. அவளும் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் என்பது தெரியும். தெரிந்தும் தணியவில்லை.

பிறகு முகாமுக்குச் சக்கர நாற்காலிகள் வந்தன. தவழ்ந்து போய் முன்னால் இருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்:

"கால் சுனாமியிலயா போனது?"

"இல்ல, சின்ன வயசில. காலிப்பரும் தடியும்தான் சுனாமியில போனது."

"அப்ப உங்களுக்கு இல்ல. இது சுனாமியில பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு."

"காலிப்பர் இல்லாம நான் எப்படி நடக்கிற?"

"அது வேற திட்டத்தில வரும். அடுத்த ஆள் வாங்க."

அந்த வேறு திட்டம் வரவேயில்லை. யுத்தம் முடிந்ததும் இன்னொரு கூட்டம் வந்தது. அவர்களும் கேட்டார்கள், "ஷெல்லா, மிதிவெடியா?" இரண்டும் இல்லை என்றேன். எனக்கு ஒரு பிஸ்கட் பெட்டி தந்து அனுப்பினார்கள். கடைசியில், பக்கத்து ஊரில் ஒருவர் இறந்துபோக, அவருடைய மனைவி அவர் ஓட்டிய மூன்று சக்கர வண்டியை எனக்குத் தந்தார். "துருப்பிடிச்சுக் கிடக்கிறதுக்கு நீயாவது ஓடு கா" என்றார். அதுதான் லொறியில் பலூன் தொங்க நின்ற வண்டி.

அதிதி வந்து சுடரைக் கொளுத்திக் கொடுத்தார். பொடியன்கள் ஓடினார்கள். எங்கள் லொறி அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பாட்டு போடுவார், பாட்டை நிறுத்திப் பேசுவார். ஒவ்வொரு சந்தியிலும் அதே பேச்சு:

"பாருங்கள் பெரியோர்களே, இந்த அபலைகளைப் பாருங்கள்! கண்ணிழந்தவரைப் பாருங்கள்! காலிழந்த சகோதரியைப் பாருங்கள்! பேச முடியாத இந்தச் சின்னப் பெண்ணைப் பாருங்கள்! இவர்களுக்கு உங்கள் இதயத்தில் இடம் கொடுங்கள்!"

சனங்கள் பார்த்தார்கள். வேலியில் கை வைத்துப் பார்த்தார்கள். 'ச்சு' கொட்டினார்கள். ஒரு கடைச் சந்தியில் லொறி நின்றபோது ஒரு கிழவர் எட்டி, என் மடியில் சில்லறையைப் போட்டுவிட்டுப் போனார். நான் அதை எடுத்துத் தெருவில் எறிந்தேன். அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"என்ன எறிஞ்ச?"

"பிச்சை."

 கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கும் ஆரோ ஒரு பணிஸ் தந்தாங்க. நான் திண்டுட்டன். பசி" என்றார். கோபத்தோடு கோபமாகச் சிரித்துவிட்டேன்.

மதியம் ஓட்டமாவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சாப்பாடு. என்னை இறக்கி ஒரு நீள மர வாங்கில் வைத்தார்கள். காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்னைப் போன்ற பெண்கள் வெளியில் போனால் வாயைக் காயவிட்டுத்தான் போவோம். ஆனாலும் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பள்ளிக்கூடக் கக்கூசு உயரமான படிக்கட்டுக்கு மேலே, ஆள் ஒருக்களித்து நுழைகிற கதவோடு இருந்தது. வலுவிழந்தவர்களுக்கான ஓட்டத்துக்கு இடம் பார்க்க வந்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பார்சலில் கோழியா மீனா என்று பார்த்திருக்கிறார்கள்.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக் குந்தினாள். என்னைச் சுமந்துகொண்டு தெருவைக் கடந்து, எதிரில் இருந்த ஒரு வீட்டுப் படலையைத் தட்டினாள். முக்காட்டைச் சரிசெய்தபடி ஒரு உம்மா எட்டிப் பார்த்தார்.

"உம்மா, ஒருக்கா கக்கூசுக்குப் போகணும். அங்க படியா இருக்கு."

"அதுக்கென்ன மகள், உள்ளுக்கு வாங்க."

போய்விட்டு வந்த பிறகு ஒரு கதிரை போட்டு இருத்தி, பிளேன்டீ தந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது, பின் அறையிலிருந்து சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"ஆரு உம்மா?"

என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தார். பிறகு, "எண்ட மகள்தான்" என்று கதவைத் திறந்துவிட்டார். பாயில் ஒரு பெண். இருபது வயதிருக்கும். கைகால்கள் முறுக்கிக்கொண்டு, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். எங்களைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரித்தாள். தலை வாரி, இரட்டைப் பின்னல் பின்னி, பூப்போட்ட புதுச் சட்டை உடுத்தியிருந்தாள்.

"எங்கயும் போகப் போறாவா? புதுச் சட்டை போட்டிருக்கு."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க மகள் போற. முந்தி சண்டை. மறுகா கடல். பிறகு திரும்பவும் சண்டை. இப்ப எல்லாம் முடிஞ்சிட்டு எண்டாங்க. இண்டைக்கு ஓட்டம் வருது, பாட்டெல்லாம் போடுவாங்க எண்டு சென்னாங்க. சரி, வாசலுக்குக் கொண்டுபோய் இருத்திக் காட்டுவம் எண்டு உடுப்பாட்டினன். பாட்டுச் சத்தம் கேட்டு அவ துள்ளிச் சிரிச்சா. படலையடிக்குத் தூக்கிட்டு வந்துட்டன். அப்பதான் உங்கட லொறி வந்திச்சி. அந்த மனிசன், பாருங்க பாருங்க எண்டு செல்றான். ரோட்டில நிண்ட பொடியனுகள் உங்களக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறானுகள். எண்ட புள்ளயையும் காட்டுவானுகளோ எண்டு பயந்துட்டன். தூக்கிட்டு உள்ள ஓடிவந்து பூட்டிட்டன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிக்காதீங்க மகள், உங்களக் குறையாச் செல்லல்ல" என்றார்.

 இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு தாய் பிள்ளையை வாசல் வரை தூக்கி வந்திருக்கிறாள். அவளை உள்ளே ஓட வைத்தது நாங்கள். விழிப்புணர்வு ஊட்டப் போன நாங்கள். அந்த லொறியில் பூப்போல உட்கார்ந்து கை காட்டிய நான்.

திரும்பி வந்தபோது பொடியன்கள் ரீசேட்டை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லொறி புறப்படத் தயாராக இருந்தது. தங்கச்சியின் முதுகில் இருந்தபடியே இணைப்பாளரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, என்ட வண்டிய அவிழ்த்து இறக்குங்க."

"இப்ப ஏறுங்க அக்கா. பாலத்துக்கு அங்கால அடுத்த அதிதி பார்த்துக்கொண்டு நிக்கிறார்."

"நான் லொறியில ஏற மாட்டன்."

"ஏன், லொறியில என்ன குறை? கதிரை போட்டிருக்கு, படங்கு கட்டியிருக்கு..."

"மிருகக்காட்சிச் சாலையிலயும் படங்கு கட்டித்தான் வச்சிருப்பாங்க. எங்களச் சாமான் மாதிரி ஏத்தி, ஊர் ஊராக் காட்டிக்கொண்டு வாறீங்க. எங்களப் பார்த்துச் சனம் பயப்படுது தம்பி. தங்கட பிள்ளைகள ஒளிச்சு வைக்குது."

"ஆர் ஒளிச்சு வச்சது? சும்மா சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த உம்மாவின் வீட்டைக் கை நீட்டிக் காட்டினால், நானும் ஒலிபெருக்கிக்காரர் செய்ததைத்தான் செய்தவளாவேன். அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

"அவிழ்க்கப் போறீங்களா, இல்ல நான் இந்த ரோட்டில இறங்கித் தவழ்ந்து வரட்டா? அதையும் படம் எடுங்க!"

 இணைப்பாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, பொலிஸ்ல எடுத்த அனுமதி லொறிக்கும் ஓடுற ஆக்களுக்கும்தான். இது சண்டை முடிஞ்ச இடம், விளையாட்டில்ல" என்றார். பயப்படுத்தத்தான் சொன்னார். அவரே பயந்தும் இருந்தார்.

அப்போது லொறியின் மேலிருந்து அண்ணனின் குரல் வந்தது. அவரை ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"தம்பி, எனக்குக் கண்தான் இல்ல, கால் நல்லாத்தான் இருக்கு. என்னை என்னத்துக்கு மேல ஏத்தி வச்சிருக்கிறீங்க எண்டு காலையில இருந்து யோசிக்கிறன்." பலகையைத் தடவிப் பிடித்துத் தானாகவே இறங்கினார். ஒருவர் பிடிக்க ஓடினார். "விடு" என்றார்.

தங்கச்சிக்கு யாரும் விளக்கவில்லை. எங்கள் வாய்களையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், என்னை மெதுவாக வாங்கில் இறக்கிவிட்டு, லொறிக்குப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. லொறி ஓட்டுநர், அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர், இறங்கி வந்து கத்தியால் கயிற்றை வெட்டிவிட்டார். வெட்டும்போது பலூனும் வெடித்தது. பிறகு முன்னால் போய் ஒலிபெருக்கியின் வயரையும் பிடுங்கிவிட்டார். "எனக்கும் காது வலி" என்று மட்டும் சொன்னார்.

ஓட்டமாவடிப் பாலத்தில் எங்கள் காலில் நாங்கள் போனோம். என் கால் என்பது சக்கரம். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று சூடாக முகத்தில் அடித்தது. அண்ணன் பொடியன்களிடம் கேட்டு வாங்கிய சுடரை ஒரு கையில் பிடித்து, மறு கையைத் தங்கச்சியின் தோளில் வைத்து நடந்தார். காற்றில் சுடர் அணைவதை முதலில் சொன்னவர் அவர்தான். "சூடு இல்ல, நூந்திட்டு" என்பார். பின்னால் வந்த பொடியன்களில் ஒருவன் ஓடிவந்து லைட்டரால் கொளுத்துவான்.

பாலத்தின் நடுவில் ஒரு பத்திரிகைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார்.

"அண்ணன், நீங்க அக்காட வண்டியப் பின்னால பிடிச்சுத் தள்ளுற மாதிரி ஒருக்கா நில்லுங்க. கண் தெரியாதவர் தள்ள, கால் ஏலாதவ வழி காட்ட... நல்ல படமா இருக்கும்."

"அவ தன்ட வண்டியத் தானே ஓட்டுவா" என்றார் அண்ணன். "உனக்குத் தள்ள ஆசையெண்டா உன்ட மோட்டார் சைக்கிளத் தள்ளு."

எங்களுக்காகக் காத்திருந்த அதிதி, நாங்கள் போய்ச் சேர முன்னரே மாலையைக் கதிரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நிகழ்ச்சி குழம்பிவிட்டது என்று இணைப்பாளர் தொலைபேசியில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கை கொப்பளித்து, தோள் இற்றுப்போயிருந்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. அது நான் சம்பாதித்த வலி.

மறுநாள் ஏறாவூர்ப் பக்கம் போகும்போது கதை எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. சந்திகளில் அந்தந்த ஊர்ச் சங்கத்து ஆட்கள் ஊன்றுகோலோடும் வெள்ளைப் பிரம்போடும் காத்து நின்றார்கள். ஒரு கால் இல்லாத முஸ்லிம் காக்கா ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "கொண்டாங்க, எண்ட பங்கு எங்க?" என்று சுடரைப் பறிக்காத குறையாக வாங்கினார். களைத்தவர்கள் தாங்களாகவே கேட்டு லொறியில் ஏறிக் கொஞ்சம் இருந்தார்கள், மறுபடி இறங்கினார்கள். ஒருவரையும் ஒருவரும் தூக்கிப் போடவில்லை.

நகரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு காவலரண் அப்போதும் இருந்தது. அந்த வேளை சுடர் தங்கச்சியின் கையில். அவளுடைய அம்மா மகளைப் பார்ப்பதற்காக வாவி கடந்து வந்து, வீதியோரத்தில் நின்றிருந்தார். சிப்பாய் ஏதோ கத்தினான். தங்கச்சி நடந்துகொண்டே இருந்தாள். அந்த அம்மாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் வண்டியின் பிடியை வெறிபிடித்த மாதிரிச் சுற்றினேன், அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. சிப்பாய் வீதிக்கு இறங்கி வந்து கையை உயர்த்தினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், நின்றாள். தன் காதைத் தொட்டு, 'இல்லை' என்று விரலை ஆட்டினாள். அவன் அவளையும் சுடரையும் எங்கள் கூட்டத்தையும் பார்த்தான். சின்னப் பையன்தான், மீசைகூடச் சரியாக வளரவில்லை. வீதியைக் கை நீட்டிக் காட்டி, போகச் சொன்னான்.

அவளுடைய அம்மா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு அடித்தார். முதுகில் அடித்தார், பிறகு அழுதார், பிறகும் அடித்தார். ஒரு கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும் விசயம். அதற்காக ஒரு பெண்ணின் பதினைந்து, இருபது வருடத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் மனதுக்குள் திட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை களுதாவளை. பிள்ளையார் கோயிலிலிருந்து தள்ளி ஒரு மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஆள் உயரம். முன்னால் செங்குத்தான மரப்படி. மேலே பெரிய குத்துவிளக்கு. எங்கள் சுடரால் அதை ஏற்றி நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும்.

இணைப்பாளர் வந்தார். அந்த மூன்று நாளில் அவரும் கறுத்து, குரல் அடைத்துப் போயிருந்தார். இந்த முறை கேட்டார்:

"அக்கா, நாலு பேர் சேர்ந்து வண்டியோட மேல தூக்கி வைக்கட்டா?"

"வேணாம்."

"அப்ப எப்படி விளக்கேத்துற?"

"விளக்கக் கீழ கொண்டு வாங்க."

மேடையில் சிரித்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர், "சுடரை மட்டும் யாராவது மேலே கொண்டுவந்து தரவும்" என்று அறிவித்தார். ஒரு பொடியன் வந்து அண்ணனிடம் கை நீட்டினான். அண்ணன் சுடரைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், சட்டை பொசுங்குமோ என்று நான் பயந்தேன். "அவ போக ஏலாத இடத்துக்கு இதுவும் போகாது" என்றார்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் ஆளை ஆள் பார்த்தார்கள். கடைசியில் தலைமை அதிதி எழுந்தார். நல்ல வயதான மனிதர், பாரமான உடம்பு. பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினார். கீழே வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"எனக்கும் முழங்கால் ஏலா மகள். ஏறக்குள்ளயும் ரெண்டு பேர்தான் பிடிச்சு ஏத்தினவங்க. எனக்கும் வெக்கமாத்தான் இருந்திச்சி" என்றார். பிறகு மேலே பார்த்து, "விளக்கக் கொண்டு வாங்கடா" என்று சத்தம் போட்டார்.

விளக்கு இறங்கியது. புல்லில் வைத்து ஏற்றினோம். அவர் பிறகு மேலே போகவில்லை. ஒரு கதிரை கேட்டு வாங்கி எங்களோடு கீழேயே இருந்துகொண்டார். மேலே இருந்தவர்கள் அவரைப் பார்த்துப் பேச வேண்டியிருந்ததால், முதன்முறையாக எங்கள் பக்கம் பார்த்துப் பேசினார்கள்.

அன்றைக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பம்தான். மாறவில்லை. அடுத்த வருடமும் சுடரோட்டம் நடந்தது. லொறியும் போனது, ஒலிபெருக்கியும் போனது. எங்கள் மூவரையும் கூப்பிடவில்லை. சிக்கல் பிடித்த ஆட்கள் என்று பெயராகிவிட்டது. அண்ணன் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். தங்கச்சி என்னிடம் தையல் பழகி, இப்போது என்னைவிட நன்றாக வெட்டுகிறாள். ஓட்டமாவடி உம்மாவின் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் சில தடவை போனோம். தெரு ஓய்ந்திருக்கும் காலை வேளைகளில் மகளை விறாந்தையில் இருத்துகிறார். படலை சாத்தித்தான் இருக்கிறது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அந்தத் தெருவில் அன்றாடம் வாழ வேண்டியவர் அவர்.

எங்களைக் குறிக்கும் சொல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. நொண்டி என்றார்கள், அங்கவீனர் என்றார்கள், வலுவிழந்தோர் என்றார்கள், இப்போது மாற்றுத்திறனாளி. ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் ஒரு கருத்தரங்கு வைக்கிறார்கள், அதுவும் மாடியில்.

போன மாதம் ஒரு வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். சிமெந்து, இரண்டு பக்கமும் கம்பி, மேலே சக்கர நாற்காலிப் படம். பல வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. அதன் மேல் வரிசையாக மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே ஃபேன் காற்றில் உத்தியோகத்தர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வண்டியின் மணியை அடித்தேன். ஒருவரும் திரும்பவில்லை.

"ஆரிட மோட்டார் சைக்கிள் இது?" என்று கத்தினேன். "வந்து எடுங்க! எடுக்கும் மட்டும் நான் இந்த வாசல்லதான் நிப்பன், ஒருத்தரும் உள்ளயும் போக ஏலா, வெளியயும் போக ஏலா!"

வண்டியைக் குறுக்கே திருப்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு உத்தியோகத்தர் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார்.